சாதனையின் எல்லை மனத்திலா, இரைப்பையிலா? கோபயாஷியின் ஐம்பது ஹாட் டாக் குறித்து ஒரு விவாதம்

செவ்வந்தி எழுதியது:

2001 ஜூலை 4 அன்று நியூயார்க் நகரின் கோனி ஐலண்டில், நேதன்ஸ் உணவகம் ஆண்டுதோறும் நடத்தும் ஹாட் டாக் (நீளமான பன்னுக்குள் சாஸேஜ் என்ற இறைச்சிக் குழலை வைத்த உணவு) உண்ணும் போட்டியில், ஜப்பானிலிருந்து வந்திருந்த டகேரு கோபயாஷி என்ற 23 வயது இளைஞர் 12 நிமிடத்தில் 50 ஹாட் டாக்குகளை உண்டு முடித்தார். முந்தைய ஆண்டு அதே போட்டியில் கசுதோயோ அராய் என்பவர் படைத்திருந்த சாதனை 25-ஐச் சற்றே தாண்டியது, அவ்வளவுதான். கோபயாஷியின் எடை அப்போது ஏறத்தாழ 60 கிலோ. அவருடன் மேடையேறிய அமெரிக்கர்களில் சிலர் அவரைவிட இரண்டு மடங்குக்கும் மேல் எடையுள்ளவர்கள். எண்ணிக்கையைக் காட்டுவதற்காக அச்சிட்டு வைத்திருந்த அட்டைகள் தீர்ந்துபோனதால், போட்டியை நடத்தியவர்கள் தாளில் கையால் எண்களை எழுதித் தூக்கிப் பிடிக்க வேண்டியதாயிற்று.

ஒரே நாளில் ஒரு சாதனை இரட்டிப்பான வேறொரு போட்டியை நான் அறிந்ததில்லை. பழைய சாதனையை ஓர் எல்லையாக ஏற்கவே மறுத்துவிட்டதாகக் கோபயாஷி பின்னாளில் பேட்டிகளில் கூறியிருக்கிறார். இருபத்தைந்து என்ற எண்ணை மனத்தில் சுமந்துகொண்டு பயிற்சி செய்பவர் இருபத்தேழுக்குத்தான் ஆசைப்படுவார். அந்த எண்ணைத் தூக்கி எறிந்தவரால்தான் ஐம்பதைத் தொட முடிந்தது. நான்கு நிமிடத்துக்குள் ஒரு மைல் ஓடவே முடியாது என்று உலகம் நம்பியிருந்தபோது, 1954-இல் ரோஜர் பேனிஸ்டர் ஓடிக் காட்டியதும், 46 நாட்களிலேயே ஜான் லேண்டி அவரையும் மிஞ்சியதும் இதே உண்மையைத்தான் சொல்கின்றன. மனிதனின் எல்லைகளில் பெரும்பாலானவை உடலில் இல்லை, மனத்தில் இருக்கின்றன என்பது என் வாதம். மறுப்பவர்கள் ஆதாரத்தோடு மறுக்க வேண்டுகிறேன்.

ஓட்டக்காரன் எழுதியது:

மறுக்கிறேன். முதலில் பேனிஸ்டரை எடுத்துக்கொள்வோம், ஏனெனில் தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் அனைவரும் இந்தக் கதையைத்தான் மேடைதோறும் சொல்கிறார்கள். அது முழுவதும் சரியான கதை அல்ல.

ஸ்வீடனின் குன்டர் ஹாக் 1945-இலேயே ஒரு மைலை 4 நிமிடம் 1.4 விநாடியில் ஓடிவிட்டார். அதற்கு முன் சில ஆண்டுகளாக அவரும் அவருடைய நாட்டவரான ஆர்னே ஆண்டர்சனும் மாறி மாறிச் சாதனையை விநாடி விநாடியாகக் குறைத்து வந்தார்கள். பிறகு ஒன்பது ஆண்டுகள் அந்தச் சாதனை அசையாமல் நின்றதற்கு மனத்தடை காரணமல்ல. போர் ஐரோப்பாவின் ஓட்டப்பந்தயங்களைச் சிதைத்திருந்தது. ஓடுவதற்குப் பணம் வாங்கினார்கள் என்று அந்த இரு ஸ்வீடன் வீரர்களுமே தடை செய்யப்பட்டார்கள். நான்கு நிமிடச் சுவரை நெருங்கியிருந்த இருவரையும் களத்தைவிட்டு வெளியேற்றிவிட்டு, பிறகு சுவர் மனத்தில் இருந்தது என்று சொல்வது எந்த வகையில் நியாயம்?

லேண்டி 46 நாட்களில் மிஞ்சினார் என்பது உண்மை. ஆனால் அவர் 1952 டிசம்பரிலேயே 4 நிமிடம் 2 விநாடி அளவில் ஓடிக்கொண்டிருந்தவர். ஆஸ்திரேலியாவில் அவரை நெருக்கி ஓட ஆளில்லாமல் தனியாகவே ஓடிவந்தார். பின்லாந்தின் துர்க்கு நகரில்தான் நல்ல தடமும் நல்ல எதிராளியும் சேர்ந்து கிடைத்தன; அந்த எதிராளி, பேனிஸ்டருக்கு வேகம் பிடித்துக் கொடுத்த கிறிஸ் சாட்டவே. அதன் பிறகாவது கூட்டம் கூட்டமாக எல்லோரும் சுவரைத் தாண்டினார்களா? இல்லை. பேனிஸ்டர், லேண்டி இருவரையும் விட்டால், அடுத்தவர்கள் நான்கு நிமிடத்துக்குள் ஓடியது 1955 மே மாத இறுதியில், லண்டனில் நடந்த ஒரே பந்தயத்தில்: டாபோரி, சாட்டவே, ஹியூசன் என்ற மூவர். பூட்டியிருந்த மனக்கதவு திறந்துவிட்டது என்றால் ஓராண்டுக்கு மேல் ஏன் காத்திருக்க வேண்டும்?

இனி கோபயாஷி. அவர் மனத்தை மட்டும் மாற்றிக்கொண்டு மேடையேறவில்லை, கையை மாற்றிக்கொண்டு ஏறினார். மற்றவர்கள் ஹாட் டாக்கை முனையிலிருந்து கடித்துக்கொண்டே போவார்கள். அவர் சாஸேஜைப் பன்னிலிருந்து பிரித்து எடுத்து, குறுக்கே இரண்டாக ஒடித்து, இரு துண்டுகளையும் ஒருசேர வாய்க்குள் தள்ளினார். மற்றொரு கையால் பன்னைத் தண்ணீர்க் கோப்பையில் முக்கி, பிழிந்து, உருண்டையாக்கி விழுங்கினார். காய்ந்த பன் வாயின் உமிழ்நீரையெல்லாம் உறிஞ்சிவிடும். மெல்லும் நேரத்தில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். நனைத்துவிட்டால் அந்த நேரம் மிச்சம். உணவு இறங்குவதற்காக உடலை நெளித்து ஆட்டவும் செய்தார். போட்டிக்கு முன் பல மாதங்கள் வீட்டில் வெவ்வேறு முறைகளைச் செய்து பார்த்து, வீடியோவில் பதிவு செய்து, ஒப்பிட்டுத் தேர்ந்தெடுத்த முறை அது. இதை மனத்தின் வெற்றி என்று சொன்னால், அந்த உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடுகிறோம்.

பொன்னி எழுதியது:

உடலியல் படித்தவள் என்ற முறையில் ஒரு சான்றை இங்கே வைக்கிறேன். இரு தரப்புக்கும் அது பயன்படும்.

2007-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவர்கள், போட்டிகளில் உண்ணும் ஒருவரையும், அவரைவிடப் பெரிய உடலும் நல்ல பசியும் கொண்ட சாதாரண மனிதர் ஒருவரையும் எக்ஸ்ரே கருவியின் முன் நிறுத்தி ஹாட் டாக் உண்ணச் செய்தார்கள். சாதாரண மனிதர் ஏழு உண்டதும், இன்னும் ஒரு வாய் வைத்தால் வாந்தி வந்துவிடும் என்று நிறுத்திக்கொண்டார். அவருடைய இரைப்பை அப்போதும் அதிகம் விரிந்திருக்கவில்லை. போட்டியாளரோ பத்து நிமிடத்தில் 36 உண்டார். அவர் தாமாக நிறுத்தவில்லை, வயிறு அளவுக்கு மீறி உப்பியதைக் கண்டு மருத்துவர்கள் நிறுத்தினார்கள். அவருடைய இரைப்பை, உணவைப் பிசைந்து கீழே தள்ளும் அசைவு ஏறக்குறைய இல்லாமல், மேல்வயிறு முழுவதையும் அடைத்துக்கொண்ட தளர்ந்த பையாகத் தெரிந்தது. வயிறு நிறைந்தது என்ற உணர்வே தமக்கு வருவதில்லை என்று அவர் சொல்லியிருந்தார்.

இரைப்பையின் மேற்பகுதி, உணவு வரும்போது தளர்ந்து இடம் கொடுக்கும் இயல்புடையது. போட்டியாளர்கள் ஏராளமான தண்ணீரும் கலோரி குறைந்த உணவும் கொண்டு அந்தத் தளர்ச்சியை ஆண்டுக்கணக்கில் பழக்குகிறார்கள். ஆகவே எல்லை விரியக்கூடியது என்பதில் செவ்வந்தி அவர்கள் சொல்வது சரி; விரிவது இரைப்பை என்பதில் ஓட்டக்காரன் அவர்கள் சொல்வது சரி.

செவ்வந்தி எழுதியது:

பொன்னி அவர்கள் காட்டிய சான்றையே நான் எடுத்துக்கொள்கிறேன். அந்தச் சாதாரண மனிதரின் இரைப்பையில் இன்னும் இடம் இருந்தது. ஆயினும் அவர் ஏழில் நின்றார். அவரை நிறுத்தியது இரைப்பையின் சுவர் அல்ல, "போதும்" என்ற உணர்வு. அந்த உணர்வு எங்கே பிறக்கிறது என்பதுதான் என் கேள்வி.

1998-இல் பால் ரோசின் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மூளைப் பாதிப்பால் புதிய நினைவு எதையும் தக்கவைத்துக்கொள்ள முடியாத இரு நோயாளிகளுக்கு மதிய உணவு கொடுத்தார்கள். அவர்கள் உண்டு முடித்துத் தட்டை எடுத்துச் சென்ற பிறகு, பத்து முதல் முப்பது நிமிட இடைவெளியில் மறுபடியும் ஒரு முழு உணவைக் கொண்டுவந்து வைத்தார்கள். அவர்கள் அதையும் உண்டார்கள். மூன்றாவது உணவு வந்தபோதும் பெரும்பாலும் உண்ணத் தொடங்கினார்கள். நினைவாற்றல் குறையாத நோயாளிகளோ இரண்டாவது உணவைத் தொடவில்லை. வயிறு நிறைந்திருக்கிறது என்ற செய்தி வயிற்றிலிருந்து மட்டுமே வருவதாக இருந்தால் இது நடந்திருக்குமா? "நான் சாப்பிட்டுவிட்டேன்" என்ற நினைவும் பசியை அடக்குகிறது.

விளையாட்டிலும் இப்படித்தான். 2004-இல் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் சைக்கிள் வீரர்களை ஏறக்குறைய ஒரு மணி நேரம் முழுவேகத்தில் ஓட்டச் செய்து, இடையிடையே மாவுச்சத்துக் கரைசலால் வாயைக் கொப்பளித்துத் துப்பச் சொன்னார்கள். ஒரு துளியும் விழுங்கவில்லை. அப்படியிருந்தும் வெறும் தண்ணீரில் கொப்பளித்தபோது எடுத்துக்கொண்டதைவிட ஏறத்தாழ மூன்று விழுக்காடு குறைந்த நேரத்தில் முடித்தார்கள். அதே ஆய்வாளர்கள் குளுக்கோஸை நேரடியாக இரத்தத்தில் ஏற்றிப் பார்த்தபோது பயன் ஒன்றும் தெரியவில்லை. தசைக்குள் சென்ற சர்க்கரை உதவவில்லை, நாக்கில் பட்டுத் துப்பப்பட்டது உதவியது. உணவு வருகிறது என்று மூளை நம்பியதும் தன் பிடியைத் தளர்த்துகிறது என்பதைத் தவிர இதற்கு நான் வேறு விளக்கம் காணவில்லை.

2012-இல் இங்கிலாந்தில் நார்தம்ப்ரியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னொன்றும் செய்தார்கள். சைக்கிள் வீரர்களுக்கு முன் திரையில் ஓர் உருவத்தை ஓடவிட்டு, இதுவரை நீங்கள் ஓட்டியதிலேயே சிறந்த ஓட்டம் இதுதான், இதனோடு போட்டியிடுங்கள் என்றார்கள். அந்த உருவம் ஓட்டிய ஆற்றலை இரண்டு விழுக்காடு கூட்டி வைத்திருந்ததைச் சொல்லவில்லை. வீரர்கள் தங்கள் முந்தைய சிறந்த நேரத்தைத் தாண்டினார்கள். "முடியும்" என்று நம்பியதால்தானே முடிந்தது?

ஓட்டக்காரன் எழுதியது:

இந்த ஆய்வுகளை நான் மறுக்கவில்லை, அவை அழகானவை. ஆனால் அவற்றில் உள்ள எண்களைக் கொஞ்சம் நின்று பாருங்கள். வாய் கொப்பளித்ததால் கிடைத்தது மூன்று விழுக்காடு. திரை உருவத்தை வைத்து ஏமாற்றியதால் கிடைத்தது ஏறத்தாழ ஒரு விழுக்காடு. பயிற்சி பெற்ற வீரரிடம் மூளை இறுக்கிப் பிடித்திருக்கும் சேமிப்பு அந்த அளவுதான். கோபயாஷி கூட்டியதோ நூறு விழுக்காடு. ஒன்று, இரண்டு, மூன்று என்று அளக்கப்படும் ஒரு காரணத்தைக் கொண்டு நூறை விளக்க முடியாது. மீதிக்கு வேறு காரணம் வேண்டும்; அந்தக் காரணத்தை நான் முன்பே சொல்லிவிட்டேன்.

இன்னொன்று. எல்லை மனத்தில் மட்டும் இருந்தால், ஒருவர் உடைத்ததும் மற்றவர்களுக்கும் உடைந்திருக்க வேண்டும். ஐம்பது முடியும் என்பதை 2001-இல் உலகமே பார்த்துவிட்டது. அடுத்த ஆண்டு, 2002-இல், கோபயாஷி மறுபடியும் ஐம்பதைத் தாண்டியபோது இரண்டாம் இடம் பெற்றவர் முப்பதைக்கூடத் தொடவில்லை. 2005-இல் ஏறத்தாழ 45 கிலோ எடையுள்ள சோனியா தாமஸ் 37 உண்டு இரண்டாம் இடம் பெற்றார், அதுவே அப்போது பெரிய செய்தி. அவர்கள் நம்பிக்கை இல்லாதவர்களா? முறையைக் கற்கவும் இரைப்பையைப் பழக்கவும் அவர்களுக்குக் காலம் தேவைப்பட்டது. ஜோயி செஸ்ட்நட் 2005-இல் 32 உண்டார், 2006-இல் 52, 2007-இல் 66 உண்டு கோபயாஷியை வென்றார். இது படிப்படியான பயிற்சியின் வளர்ச்சி.

மாரத்தானையும் பாருங்கள். 2019-இல் வியன்னாவில் எலியூட் கிப்சோகே இரண்டு மணி நேரத்துக்குள் 42.195 கிலோமீட்டரை ஓடிக் காட்டினார். மாறி மாறி வேகம் பிடித்துக் கொடுக்கும் ஓட்டக்காரர்களின் குழுக்களும் முன்னால் சென்ற காரும் இருந்ததால் அது உலகச் சாதனையாகக் கணக்கில் கொள்ளப்படவில்லை. ஆனால் மனத்தடையை உடைக்க அது போதுமே? நான்கு ஆண்டுகள் கழித்து, 2023-இல் சிகாகோவில் கெல்வின் கிப்டம் உலகச் சாதனை படைத்தபோதும் அவருடைய நேரம் 2 மணி 35 விநாடிதான்.

வடகரை வாசகன் எழுதியது:

இருவரும் ஒன்றைக் கவனிக்காமல் வாதிடுகிறீர்கள். அந்த 25 என்ற சாதனையே பலவீனமான சாதனை. இந்தப் போட்டி 1916-இல் தொடங்கியது என்று உணவகம் பல்லாண்டுகள் சொல்லிவந்தது; அந்தக் கதை தாங்கள் விளம்பரத்துக்காகக் கட்டியது என்று, அதை உருவாக்கியவர்களில் ஒருவரான மார்டிமர் மாட்ஸ் 2010-இல் ஒப்புக்கொண்டார். பதிவுகளில் காணப்படும் போட்டிகள் 1970-களில்தான் தொடங்குகின்றன. வழிப்போக்கர்களும் உள்ளூர்ப் பெருந்தீனிக்காரர்களும் பொழுதுபோக்குக்காகக் கலந்துகொண்ட ஒன்றில், முழுநேரப் பயிற்சியுடன் ஒருவர் வந்து நின்றால் சாதனை இரட்டிக்கத்தான் செய்யும். ஒரு மைல் ஓட்டத்தில் நூறாண்டுக்கால உழைப்பு சேர்ந்திருந்தது, ஆகவே அங்கே விநாடிகள்தான் குறைந்தன. இவ்விரண்டையும் ஒரே தராசில் வைத்து, மனித மனத்தைப் பற்றிப் பொதுவாக முடிவு கட்டுவது சரியல்ல.

அமெரிக்காவின் ஹை பாயின்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்மோலிகா 2020-இல் இந்தப் போட்டியின் 39 ஆண்டு முடிவுகளை எடுத்து ஆராய்ந்தார். வளர்ச்சிக் கோடு முதலில் மெதுவாகவும், நடுவில் செங்குத்தாகவும், பிறகு மறுபடியும் படுத்தும் செல்கிறது. மற்ற விளையாட்டுகளில் ஒரு நூற்றாண்டில் நடந்த வளர்ச்சி இதில் சில ஆண்டுகளில் நடந்துவிட்டது. பத்து நிமிடத்தில் மனிதன் உண்ணக்கூடிய உச்சம் சுமார் 83 ஹாட் டாக் என்று அவர் கணக்கிட்டார். அப்போது செஸ்ட்நட்டின் சாதனை 75; மறு ஆண்டு 76.

செவ்வந்தி எழுதியது:

வடகரை வாசகன் அவர்கள் அந்தக் கணக்கைக் கொண்டுவந்தது நல்லதாயிற்று. 2024 செப்டம்பர் 2 அன்று லாஸ் வேகாஸில் நெட்ஃபிளிக்ஸ் நேரலையில் செஸ்ட்நட்டும் கோபயாஷியும் மறுபடியும் மோதினார்கள். செஸ்ட்நட் பத்து நிமிடத்தில் 83 உண்டார், கோபயாஷி 66. அந்தப் போட்டியில் பன்னைத் தண்ணீரில் முக்கத் தடை. ஓட்டக்காரன் அவர்கள் விரிவாக விளக்கிய நனைக்கும் முறையைப் பறித்துவிட்ட பிறகு, சாதனை குறைந்திருக்க வேண்டும் அல்லவா? கூடியது. முறையே எல்லாம் என்றால் இது எப்படி?

பலவீனமான சாதனை என்ற வாதத்துக்கும் பதில் சொல்ல விரும்புகிறேன். அத்தனை ஆண்டுகள் அந்தச் சாதனை ஏன் பலவீனமாகவே கிடந்தது? தண்ணீர் 2001-இல் கண்டுபிடிக்கப்படவில்லை. சாஸேஜை இரண்டாக ஒடிக்கப் புதிய கருவி தேவைப்படவில்லை. எல்லோருடைய கைக்கும் எட்டும் தொலைவில் இருந்த ஒன்றை ஒருவரும் எடுக்காமல் போனதற்கு, ஹாட் டாக் என்றால் இப்படித்தான் உண்ண வேண்டும், இருபத்தைந்து என்றால் அதுவே உச்சம் என்ற பழக்கம் காரணம். "இன்னும் அதிகமாக எப்படி உண்பது" என்று மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருந்தபோது, "ஒரு ஹாட் டாக்கை எப்படி எளிதாக உண்பது" என்று கோபயாஷி கேட்டார். முறை அந்தக் கேள்விக்குப் பிறகுதான் வந்தது. கேள்வி பிறந்த இடம் மனம்.

பொன்னி எழுதியது:

மனத்தின் தடையைக் கடப்பது நல்லதே என்று இந்த விவாதம் எடுத்துக்கொண்டே போவதைப் பார்த்துக் கவலைப்படுகிறேன். ஆகவே கொஞ்சம் கடுமையாகவே எழுதுகிறேன்.

"போதும்" என்ற உணர்வு ஒரு மூடநம்பிக்கை அல்ல. இரைப்பைச் சுவரில் உள்ள நரம்பு முனைகள், குடலிலிருந்து சுரக்கும் ஹார்மோன்கள், செவ்வந்தி அவர்கள் சொன்ன நினைவு என எல்லாம் சேர்ந்து மூளைக்குச் சொல்லும் செய்தி அது. உடல் சேதமடைவதற்கு வெகு முன்னதாகவே அது ஒலிக்கும்படி அமைந்திருக்கிறது. பென்சில்வேனியா மருத்துவர்கள் தங்கள் கட்டுரையின் முடிவில், இப்படிப் பழக்கப்பட்ட இரைப்பை பிற்காலத்தில் சுருங்கும் ஆற்றலை இழக்கலாம், தீராத வாந்தியும் குமட்டலும் வரலாம், இரைப்பையையே அகற்ற நேரலாம் என்று எச்சரித்திருக்கிறார்கள். அதே 2007-இல் சாக்ரமெண்டோவில் ஒரு வானொலி நிலையம் நடத்திய தண்ணீர் குடிக்கும் போட்டியில் கலந்துகொண்ட ஒரு பெண், அளவுக்கு மீறிய தண்ணீரால் இரத்தத்தில் சோடியம் குறைந்து உயிரிழந்தார்.

கோபயாஷியைப் பற்றியே சொல்கிறேன். 2024-இல் வெளியான ஓர் ஆவணப்படத்தில், தமக்குப் பசி என்ற உணர்வே இல்லாமல் போய்விட்டது என்று கூறி, போட்டிகளிலிருந்து விலகுவதாக அறிவித்தார். சில மாதங்களில் அந்த ஒரு மோதலுக்காகத் திரும்பி வந்தார் என்பது வேறு. எல்லையைத் தகர்த்த வீரர் என்று நாம் இங்கே கொண்டாடுகிறவருக்கு நிகழ்ந்தது இது: எல்லையை அறிவிக்கும் உணர்வே அவரிடமிருந்து போய்விட்டது. நினைவிழந்த அந்த இரு நோயாளிகள் மூன்றாவது உணவை உண்டதை நாம் சாதனை என்று சொல்வதில்லை. இதையும் அப்படிச் சொல்ல நான் தயங்குகிறேன்.

ஓட்டக்காரன் எழுதியது:

பொன்னி அவர்கள் எழுதியதில் ஒரு சொல்லையும் நான் மாற்றமாட்டேன். செவ்வந்தி அவர்களின் இரண்டு வாதங்களுக்கு மட்டும் விடை சொல்கிறேன்.

செஸ்ட்நட் 83 உண்டபோது நனைக்கும் முறை இல்லை, உண்மை. ஆனால் அவர் 2005 முதல் கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள் தாடைத் தசையையும் தொண்டையையும் இரைப்பையையும் இந்த ஒரு வேலைக்காகவே பழக்கியவர். ஒரு முறையைப் பறித்ததால் விழாத அளவுக்குப் பயிற்சி வளர்ந்திருந்தது. அதுவும் ஸ்மோலிகா கணக்கிட்டுச் சொன்ன உச்சத்தை ஒட்டியே போய் நின்றது. மனம் எல்லையற்றது என்றால் ஏன் சரியாக அந்த இடத்தில் நிற்க வேண்டும்?

கேள்வி பிறந்த இடம் மனம் என்கிறீர்கள். அந்தப் பொருளில் அணை கட்டியதும் சக்கரம் செய்ததும்கூட மனம்தான். அதை மறுப்பவர் யாரும் இல்லை. நீங்கள் முதலில் வைத்த வாதம் அதுவன்று. எல்லையை நம்ப மறுத்தாலே அது விலகும் என்பது. அந்த வாதத்தைக் கேட்டுத்தான் இளம் ஓட்டக்காரர்கள் வலியை மனத்தடை என்று எண்ணி முழங்காலைக் கெடுத்துக்கொள்கிறார்கள். நான் பயிற்சி கொடுக்கும் பிள்ளைகளிடம் இதைக் கண்கூடாகப் பார்ப்பதால்தான் இவ்வளவு வற்புறுத்திச் சொல்கிறேன்.

செவ்வந்தி எழுதியது:

வலியைப் பொருட்படுத்தாதே என்று யாரிடமும் நான் சொல்லமாட்டேன். அது என் வாதத்தின் பகுதி அல்ல. ஆனால் நம்பிக்கைக்குத் தனி ஆற்றல் இல்லை என்பதை ஏற்க இன்னும் ஒரு தடை இருக்கிறது, அது அராய்.

2000-இல் 25 உண்டு சாதனை படைத்த அதே கசுதோயோ அராய், 2001-இல் கோபயாஷியுடன் அதே மேடையில் போட்டியிட்டார். அவர் அன்று 31 உண்டு இரண்டாம் இடம் பெற்றார். தம் சாதனையைத் தாமே ஆறு ஹாட் டாக்குகளால் தாண்டினார். அதே மனிதர், அதே 12 நிமிடம். மாறியது ஒன்றுதான்: கூடவே போட்டியிட்ட ஒருவர் முப்பது, நாற்பது என்று கடந்துகொண்டிருந்தார். போட்டியாளர் அருகில் இருந்தால் சைக்கிள் வீரர்கள் வேகமாக ஓட்டுகிறார்கள் என்று நார்மன் டிரிப்லெட் 1898-இலேயே எழுதியிருக்கிறார். முடியும் என்பதைக் கண்ணெதிரே பார்ப்பதற்கு ஆற்றல் இருக்கிறது.

ஓட்டக்காரன் எழுதியது:

அராய் பற்றிய இந்தச் சான்றுதான் இதுவரை நீங்கள் வைத்தவற்றில் வலிமையானது. இடைப்பட்ட ஓராண்டில் அவரும் பயிற்சி செய்திருப்பார் என்று நான் வாதிடலாம். ஆனால் அந்த ஆறு முழுவதையும் எதிராளி தந்த உந்துதலின் கணக்கிலேயே எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 25-லிருந்து 31 வரை உங்களுடையது. 31-லிருந்து 50 வரை உள்ள பத்தொன்பதும் தண்ணீர்க் கோப்பைக்கும், ஒடித்த சாஸேஜுக்கும், பல மாதம் வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்த உழைப்புக்கும் உரியவை. அதில் ஒன்றைக்கூட விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை.